உரோமம் உதிரும் வீடும் தூசு உறிஞ்சும் பொறியும்

நாயும் பூனையும் மனிதனோடு உறவு பூண்டு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கடந்துவிட்டன. ஆயினும் அவ்வுறவு நிலவும் இடம் அண்மைக் காலத்தில் மாறிவிட்டது. முன்னர் நாய் முற்றத்திற் படுத்துப் படலையைக் காத்தது. பூனை அடுக்களைப் புறத்திலும் நெல் மூட்டைகளின் இடையிலும் திரிந்தது. அவற்றின் உடலிலிருந்து உதிர்ந்த உரோமத்தை மண்ணும் காற்றும் மழையும் ஏற்றுக்கொண்டன. எஞ்சியதைக் காலையில் முற்றம் கூட்டும் விளக்குமாறு அகற்றியது. இன்றோ நகரத்து மாடி வீடுகளில் முற்றம் இல்லை. நாய் வரவேற்பறையிற் படுக்கின்றது. பூனை மெத்தைக் கதிரையில் உறங்குகின்றது. உதிர்ந்த உரோமம் வீட்டினுள்ளேயே தங்கிவிடுகின்றது.

கொழும்பிலே நான்காம் மாடியொன்றில் வாழும் ஒரு குடும்பத்தை நேயர்கள் மனக்கண்முன் கொண்டுவரலாம். தாய், தந்தை, பாட்டி, பன்னிரண்டு வயது மகள், எட்டு வயது மகன் ஆகிய ஐவரோடு ஒரு வெண்ணிறப் பூனையும் அங்கே வாழ்கின்றது. சில மாதங்களாகச் சிறுவனுக்கு இரவில் மூச்சு இழுக்கின்றது. மருத்துவர் பரிசோதித்துவிட்டு, தொய்வு என்னும் ஆஸ்துமா நோய் என்றும், பூனை அதனைத் தூண்டுகின்றது என்றும் கூறுகின்றார். பூனையை எங்கேனும் கொடுத்துவிட வேண்டும் என்பது பாட்டியின் முடிவு. மகளோ பூனையை அணைத்துக்கொண்டு அழுகின்றாள். பத்திரிகை விளம்பரத்திலே 2000 வாற்று வலுவுடைய பொறியொன்றைக் கண்ட தந்தை, அதனை வாங்கிவிட்டால் இருவர் மனமும் அமைதியுறும் என்று எண்ணுகின்றார்.

அவர் வாங்க எண்ணும் பொறி, கடைகளிலும் வீடுகளிலும் ‘வக்கூம் கிளீனர்’ என வழங்கும் தூசு உறிஞ்சி. அவர் எண்ணியவாறே அது பயன்படுமா? தவறான பொறியைத் தேர்ந்தால், பணம் வீணாவதோடு சிறுவனின் மூச்சிழுப்பும் பெருகக்கூடும். ஆதலின், இத்தகைய வீட்டுக்கு எத்தகைய பொறி தகும் என்பதை ஆராய்ந்தறிதல் அவசியமாகின்றது.

முதலில் அறிய வேண்டியது, அகற்றப்பட வேண்டிய பொருள் எது என்பதே. கண்ணுக்குத் தெரிவது உரோமம். ஆனால் நோயைத் தூண்டுவது பெரும்பாலும் உரோமம் அன்று. பூனையின் உமிழ்நீரிலும் அதன் தோலிலுள்ள எண்ணெய்ச் சுரப்பிகளிலும் ஒருவகைப் புரதம் உண்டாகின்றது. பூனை தன் உடலை நக்கும்போது அப்புரதம் உரோமத்திற் பூசப்படுகின்றது. உலர்ந்தபின் நுண்துகளாகப் பிரிந்து காற்றிற் கலக்கின்றது. நாயினிடத்தும் இதுபோன்ற புரதங்கள் உமிழ்நீரிலும் தோற்பொடுகிலும் காணப்படுகின்றன. உரோமம் அப்புரதத்தைச் சுமந்து செல்லும் வாகனம் மாத்திரமே.

அத்துகள்களின் சிறுமையே சிக்கலுக்குக் காரணம். மனிதனின் தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்ரோமீற்றர். பூனையின் ஒவ்வாமைப் புரதத்தைத் தாங்கிய துகள்களில் ஒரு பகுதி 5 மைக்ரோமீற்றரினும் சிறியது. பெரிய தூசு சில நிமிடங்களில் நிலத்தில் படிந்துவிடும். இத்தகைய நுண்துகளோ மணிக்கணக்காகக் காற்றில் மிதக்கும். மூச்சுக் குழாயின் ஆழத்துக்கும் செல்லும். உடையிலும் மெத்தையிலும் திரைச்சீலையிலும் எளிதில் ஒட்டிக்கொள்ளும். எனவே, உரோமத்தை அள்ளிவிட்டு நுண்துகளைக் காற்றில் விட்டுவிடும் எந்த முறையும் பாதி வேலையையே செய்கின்றது.

தும்புத்தடியின் குறையும் இதுவே. உலர்ந்த தரையைத் தும்புத்தடியாற் கூட்டுங்கால் உரோமம் ஒருபுறம் திரளும், நுண்துகள் மேலெழும். பூனையின் மெல்லிய உரோமமோ திரள்வதுமில்லை. தடியின் முன்னே பறந்து கதிரையின் கீழ் ஒளிந்துகொள்ளும். ஆனால் ஈரத்துணியால் துடைக்கும் பழக்கம் மேலானது. ஈரம் துகளைப் பற்றிக்கொள்வதால் அது காற்றில் எழுவதில்லை. சீமெந்துத் தரையும் ஓடு பதித்த தரையும் உள்ள நம்நாட்டு வீடுகளில், தரையின் பெரும் பகுதியை ஈரத்துணியே தூய்மையாக்கிவிடும். ஈரத்துணி செல்லாத இடங்களே பொறியின் மெய்யான களம். மெத்தை, தலையணை, துணி போர்த்த கதிரை, கம்பளம், திரைச்சீலை, மோட்டார் வண்டியின் இருக்கை என்பன அவ்விடங்கள்.

இப்பொறியின் வரலாறு இங்கே நினைவுகூரத் தக்கது. 1901 ஆம் ஆண்டிலே இலண்டன் மாநகரில் தூசகற்றும் கருவியொன்றை மக்கள் முன் இயக்கிக் காட்டினர். அது காற்றை ஊதித் தூசைக் கிளப்பிற்று. அதனைக் கண்ட ஹியூபேர்ட் செசில் பூத் என்னும் பொறியியலாளர், ஊதுவதைவிட உறிஞ்சுவதே நலமன்றோ என்று எண்ணினார். உணவகமொன்றின் கதிரை மீது கைக்குட்டையை விரித்து, வாயை வைத்துக் காற்றை உள்ளிழுத்துப் பார்த்தார். கைக்குட்டையின் அடிப்புறத்தில் தூசு படிந்திருந்தது. காற்றை இழுப்பதும், தூசைத் துணியிலே தடுப்பதும் ஆகிய இரண்டு தத்துவங்களும் அந்தக் கைக்குட்டையிலேயே புலப்பட்டுவிட்டன. அவர் அமைத்த பொறி குதிரை இழுக்கும் வண்டியில் ஏறி வந்தது. வீதியில் நின்றபடியே நீண்ட குழாய்களை யன்னல் வழியாக வீட்டினுட் செலுத்தித் தூசை உறிஞ்சியது.

அதனை ஒருவர் கையால் தள்ளும் கருவியாக்கியவர் ஐக்கிய அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்திலுள்ள கான்டன் நகரில் வாழ்ந்த ஜேம்ஸ் மரே ஸ்பாங்ளர். அவர் கடையொன்றைத் துப்புரவு செய்யும் பணியாளர், ஆஸ்துமா நோயாளர். கம்பளம் கூட்டும்போது எழுந்த தூசு அவரை வருத்திற்று. 1907 ஆம் ஆண்டில் ஒரு மின்விசிறி மோட்டார், தும்புத்தடியின் கைபிடி, தலையணை உறை ஆகியவற்றை இணைத்து ஒரு பொறியைச் செய்தார். சுழலும் தூரிகையொன்றையும் அதில் அமைத்தார். 1908 இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. அவ்வுரிமையை வாங்கிய ஹூவர் குடும்பத்தாரின் பெயராலேயே பின்னர் அப்பொறி உலகெங்கும் அறியப்பட்டது. மூச்சுக்கு இடர்ப்பட்ட ஒருவரின் தேவையிலிருந்தே வீட்டுத் தூசு உறிஞ்சி பிறந்தது என்பது கருதத்தக்கது. விசிறி, தூரிகை, துணிப்பை என்னும் அவருடைய மூன்று உறுப்புகளே இன்றைக்கும் ஒரு பொறியின் தரத்தைத் தீர்மானிக்கின்றன.

முதலாவதாக விசிறியை நோக்கலாம். பொறியினுள்ளே மோட்டாரால் மிக வேகமாகச் சுழலும் விசிறி காற்றை வெளியே தள்ளுகின்றது. உள்ளே அமுக்கம் குறைகின்றது. வெளியிலுள்ள வளிமண்டலம் அக்குறையை நிரப்பக் குழாயின் வாய் வழியாகப் பாய்கின்றது. பாயும் அந்தக் காற்றே தூசையும் உரோமத்தையும் அடித்துச் செல்கின்றது. ஆகவே இரண்டு அளவுகள் முக்கியமாகின்றன. ஒன்று, அமுக்கக் குறைவு. இது பஸ்கால் என்னும் அலகிற் கூறப்படும். மற்றொன்று, செக்கனுக்கு எத்தனை லீற்றர் காற்று பாய்கின்றது என்பது.

இவ்விரண்டில் ஒன்றை மாத்திரம் கண்டு மயங்குதல் கூடாது. குழாயின் வாயை உள்ளங்கையால் அடைத்தால் அமுக்கக் குறைவு உச்சத்தை எட்டும். ஆயினும் காற்றோட்டம் நின்றுவிடும், ஒரு மயிர்கூட உள்ளே செல்லாது. வாயை முற்றாகத் திறந்துவிட்டால் காற்று பெருகும். ஆயினும் இழுவை தளரும். வேலை நடப்பது இவ்விரண்டும் சேர்ந்த இடத்திலேதான். அமுக்கக் குறைவையும் காற்றோட்டத்தையும் பெருக்கிக் காணும் அளவு, காற்று வாற்று எனப்படும். பொறியின் பெட்டியிலோ கையேட்டிலோ இவ்வளவு கொடுக்கப்பட்டிருப்பின், ஒன்றையொன்று ஒப்பிட அதுவே உதவும்.

விளம்பரத்தில் பெரிதாகப் பொறிக்கப்படும் வாற்று வேறு. அது மோட்டார் உண்ணும் மின்வலுவைக் குறிப்பது. செய்யும் வேலையைக் குறிப்பதன்று. அதிகம் உண்பவன் அதிகம் உழைப்பவன் ஆகான் என்பதை யாவரும் அறிவர். ஐரோப்பிய ஒன்றியம் வீட்டுத் தூசு உறிஞ்சிகளின் மின்வலுவை 2014 செப்டெம்பரில் 1600 வாற்றுக்கும், 2017 செப்டெம்பரில் 900 வாற்றுக்கும் உட்பட்டதாகக் கட்டுப்படுத்தியது. இரைச்சலுக்கும் 80 டெசிபெல் என்னும் எல்லை விதித்தது. அதன் பின்னரும் அந்நாட்டு மக்கள் தத்தம் கம்பளங்களைத் தூய்மையாகவே வைத்திருக்கின்றனர். 2000 வாற்றுப் பொறி அரை மணி நேரத்தில் ஓர் அலகு மின்சாரத்தை உண்ணும். 800 வாற்றுப் பொறி அதே நேரத்தில் அலகின் ஐந்தில் இரண்டு பங்கையே உண்ணும்.

ஐரோப்பாவில் நிகழ்ந்த ஒரு வழக்கும் பாடமாக அமைகின்றது. இப்பொறிகளுக்கு அங்கே தரச்சீட்டு ஒட்டும் முறை இருந்தது. அதற்கான சோதனை, பை வெறுமையாக இருக்கும்போதே நடத்தப்பட்டது. பையில்லாப் பொறிகளைச் செய்யும் டைசன் நிறுவனம், இது வீட்டில் நிகழும் உண்மைக்குப் பொருந்தாது என்று வழக்குத் தொடுத்தது. 2018 நவம்பரில் ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் அந்தச் சீட்டு விதியை நீக்கிற்று. கடையிற் புதிதாக, வெறுமையாக இருக்கும் பொறி வேறு. மூன்று வாரப் பூனை உரோமம் அடைந்த பொறி வேறு. வாங்குவோர் இரண்டாவதையே மனத்திற் கொள்ள வேண்டும்.

இரண்டாவது உறுப்பு தூரிகை. உரோமம் தூசைப்போல மேற்பரப்பில் கிடப்பதன்று. அதன் மேற்புறத்தில் நுண்ணிய செதில்கள் உண்டு. உராய்வினால் மின்னேற்றமும் பெறுகின்றது. ஆதலால் அது துணியின் இழைகளுக்கிடையே தன்னைத்தானே பின்னிக்கொள்கின்றது. வெறுங்காற்று அதனை அசைக்காது. சுழலும் தூரிகை அதனைக் கிளறி விடுவித்த பின்னரே காற்று கொண்டுசெல்லும். வலுவிற் குறைந்த பொறியாயினும் நல்ல தூரிகை உடையதாயின், தூரிகையற்ற பெரும்பொறியைவிட மெத்தையில் மிகுதியாக உரோமம் எடுப்பது இக்காரணம் பற்றியே.

தூரிகை இருவகையாகச் சுழல்கின்றது. ஒருவகைக்குத் தனி மோட்டார் உண்டு; அழுத்தினாலும் தளராது சுழலும். மற்றையது உட்செல்லும் காற்றினால் சுழல்வது. விலை மலிவு, எடையும் குறைவு. ஆனால் தடித்த கம்பளத்தில் அழுத்தினால் நின்றுவிடும். கம்பளம் மிகுந்த வீட்டுக்கு முதல்வகை வேண்டும். கதிரைக்கும் மெத்தைக்கும் மட்டுமாயின், காற்றாற் சுழலும் சிறு தூரிகைத் தலையே போதுமானது. ஓட்டுத் தரைக்கோ வன்மையான மயிர்த்தூரிகை தகாது. அது உரோமத்தை உறிஞ்சுமுன் பின்புறமாக வீசிவிடும். அங்கே தூரிகையை நிறுத்தி வைக்க வழி வேண்டும். அல்லது மென்துணி உருளை வேண்டும்.

நீண்ட உரோமம் தூரிகையின் அச்சிற் சுற்றிக்கொள்வதும் உண்டு. கவனியாது விட்டால் அது இறுகித் தூரிகையை நிறுத்தும். மோட்டாரையும் சுடச் செய்யும். றப்பர்ச் செதில் கொண்ட உருளைகளில் இச்சுற்றல் குறைவு. எவ்வகையாயினும், உருளையைக் கருவியின்றிக் கழற்றி, கத்தரிக்கோலால் மயிரை வெட்டியெடுத்து, மீண்டும் பூட்டக்கூடியதா என்பதைக் கடையிலேயே செய்து பார்த்தல் வேண்டும். வீட்டில் அதனைச் செய்யுமுன் மின்செருகியைக் கழற்றிவிட வேண்டும் என்பதையும் மறத்தல் ஆகாது.

மூன்றாவது உறுப்பே நோயாளியுள்ள வீட்டுக்கு உயிரானது. அதுவே வடிகட்டி. உள்ளே இழுத்த காற்று அத்தனையும் பொறியின் பின்புறமாக மீண்டும் அறைக்குள்ளேயே வருகின்றது. வடிகட்டி நன்றாயில்லாவிடின், நிலத்தில் அமைதியாகக் கிடந்த நுண்துகளை எடுத்துச் சிறுவனின் மூக்கின் உயரத்துக்குத் தூவும் கருவியாகவே பொறி மாறிவிடும். தரை பளபளக்கும், அறையின் காற்றோ முன்னையினும் கெடும். தந்தை எண்ணிய 2000 வாற்றுப் பொறியின் வடிகட்டி வெறும் நுரைத்துண்டாக இருப்பின், இவ்விளைவே நேரும்.

‘ஹெப்பா’ எனப்படும் வடிகட்டி இக்குறையைப் போக்குவது. 1940களில் அணுசக்தி ஆராய்ச்சிக் கூடங்களில் கதிரியக்கத் துகள்களைத் தடுப்பதற்காக உருவாகியது இது. அமெரிக்க நியமத்தின்படி, 0.3 மைக்ரோமீற்றர் அளவுள்ள துகள்களில் 99.97 சதவீதத்தை அது தடுக்க வேண்டும். ஐரோப்பிய நியமத்திலே எச் 13 என்னும் வகுப்பு, தடுப்பதற்கு மிக அரிதான துகளிலும் 99.95 சதவீதத்தைத் தடுப்பதாகும். இவ்வடிகட்டி சல்லடை போன்றதன்று. பெரிய துகள் காற்றோடு வளைந்து செல்ல இயலாது இழையில் மோதுகின்றது. மிகச் சிறிய துகள் அங்குமிங்கும் அலைந்து இழையில் ஒட்டுகின்றது. இடைப்பட்ட அளவே தப்பிச் செல்ல வல்லது. ஆதலாலேயே அவ்வளவைக் கொண்டு சோதிக்கின்றனர். பூனைத் துகளிற் பெரும்பகுதி அதனினும் பெரியதாகையால் எளிதில் அகப்படும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. ‘ஹெப்பா வகை’, ‘ஹெப்பா போன்றது’ என்னும் சொற்களுக்கு நியமம் எதுவும் இல்லை. வகுப்பு எண் குறிக்கப்பட்டிருத்தல் வேண்டும். அடுத்து, வடிகட்டி சிறந்ததாயினும் பொறியின் உடல் ஓட்டையாயின் பயனில்லை. காற்று இலகுவான வழியையே நாடும். மூடியின் இடுக்கு வழியாக வடிகட்டியைத் தவிர்த்து வெளியேறும். இதனை அறிய எளிய வழியொன்று உண்டு. இருண்ட அறையில் பொறியை இயக்கி, மூடியின் ஓரத்திலும் பின்புறத்திலும் மின்சூள் ஒளியைப் பாய்ச்ச வேண்டும். ஒளிக்கற்றையிலே தூசு பொங்கி வருவது தெரிந்தால் அப்பொறி ஒழுகுகின்றது. கண்ணுக்குப் புலப்படாத துகளை இச்சோதனை காட்டாது என்பது மெய். ஆயினும் காணத்தக்க தூசையே விட்டுவிடும் பொறி நுண்துகளைத் தடுக்குமென எதிர்பார்க்க முடியாது.

பை உள்ளதா, பையில்லாததா என்பது அடுத்த கேள்வி. பையில்லாப் பொறியிலே காற்று சுழல்காற்றாகச் சுற்ற, தூசு ஒதுங்கித் தெளிந்த கலத்தில் விழுகின்றது. பை வாங்கும் செலவில்லை. உரோமம் நிறைவதும் கண்ணுக்குத் தெரியும். ஆனால் கலத்தைக் கொட்டும்போது தூசு எழும். பையுள்ள பொறியில் தூசு அடைபட்டே குப்பைக்குச் செல்லும். ஒவ்வாமை நோயாளியுள்ள வீட்டுக்குப் பையே பாதுகாப்பானது. பை மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும் மாற்றிவிடல் நன்று. நிறைந்த பை காற்றோட்டத்தைக் குறைக்கும். அப்பொறிக்குரிய பை தாம் வாழும் ஊரிலே கிடைக்குமா என்பதை யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மலையகத்திலும் வாழ்வோர் முன்கூட்டியே விசாரித்தல் வேண்டும். பை கிடைக்காத பொறி மூலையிற் கிடக்கும் பெட்டியேயாகும்.

பொறியின் வடிவமும் வீட்டுக்கு ஏற்றதாக வேண்டும். நிமிர்ந்து நின்று தள்ளும் பொறி, சுவருக்குச் சுவர் கம்பளம் விரிக்கும் குளிர்நாட்டு வீடுகளில் வளர்ந்தது. சக்கரங்களில் உருண்டு வரும் உடலும் நீண்ட குழாயும் கொண்ட பொறி, கதிரைக்கும் கட்டிலின் அடிக்கும் திரைச்சீலைக்கும் எளிதிற் செல்லும். ஓட்டுத் தரை வீடுகளுக்கு அதுவே பெரும்பாலும் பொருந்தும். பற்றரியால் இயங்கும் தடிப்பொறி கைக்கு இலகுவானது. ஆயினும் முழு வலுவில் அது சில நிமிடங்களே நிலைக்கும், கலம் சிறிது, பற்றரி ஆண்டுதோறும் தளரும், வெப்பத்திலே விரைவாகத் தளரும். நாளாந்தம் உரோமத்தை எடுக்க உதவும் இரண்டாவது பொறியாக அதனைக் கொள்ளலாம்.

தானே ஊர்ந்து திரியும் இயந்திரப் பொறிகளும் உள்ளன. எலெக்ட்ரோலக்ஸ் நிறுவனத்தின் பொறி 2001 இலும், ஐரோபோட் நிறுவனத்தின் ரூம்பா 2002 இலும் விற்பனைக்கு வந்தன. ஓட்டுத் தரையில் அன்றாடம் உதிரும் உரோமத்தை இவை நன்கு சேர்க்கும். ஆனால் மெத்தையில் ஏறா. உயர்ந்த நிலைப்படியைக் கடவா. வீட்டில் யாரும் இல்லாத வேளையில் நாய்க்குட்டி தரையை அசுத்தப்படுத்தியிருப்பின், அதனை வீடெங்கும் பூசிவிடுதலும் கூடும். சாதாரணப் பொறியாலும் வாந்தியையோ ஈரத்தையோ உறிஞ்சலாகாது. மோட்டார் பழுதாகும், மின்தாக்குக்கும் இடமுண்டு.

சிறியனவாகத் தோன்றும் வேறு சிலவும் உள்ளன. இலங்கையின் மின்சாரம் 230 வோல்ற்று. வட அமெரிக்காவிலிருந்து உறவினர் அன்போடு அனுப்பும் 120 வோல்ற்றுப் பொறியை நேரே செருகினால் எரிந்துவிடும். கழுவி உலர்த்தும் வடிகட்டியாயின், மழைக்காலத்தில் அது முற்றாக உலர ஒரு நாளுக்கு மேலும் செல்லலாம். ஈரத்தோடு பூட்டினால் பூஞ்சணம் பற்றும். ஆகவே மாற்றுவதற்கு இன்னொன்று வேண்டும். நாயும் பூனையும் மனிதர் கேளாத உயர்ந்த ஒலியையும் கேட்பவை. இரைச்சல் மிகுந்த பொறி அவற்றை அச்சுறுத்தும். முதல் சில நாட்கள் பொறியை இயக்காமலே அறையில் வைத்துப் பழக்குதல் நன்று.

கடைக்குச் செல்வோர் ஒரு சிறு சோதனையைத் தாமே செய்யலாம். வீட்டிலே பூனையையோ நாயையோ சீவிக் கிடைத்த உரோமத்தை ஒரு கடதாசியில் மடித்துக் கொண்டுசெல்லலாம். கடையிலுள்ள கம்பளத் துண்டில் அல்லது மெத்தைக் கதிரையில் அதனைத் தூவி, உள்ளங்கையால் நன்கு தேய்த்துவிட்டு, பொறியை இருமுறை மட்டும் செலுத்திக் காட்டும்படி விற்பனையாளரைக் கேட்கலாம். அரிசியையும் மாவையும் தூவி உறிஞ்சிக் காட்டுவது வழக்கமான வித்தை. எந்தப் பொறியும் அதனைச் செய்யும். துணியிற் பின்னிய உரோமத்தை எடுப்பதே தேர்வு.

பொறியை வாங்கியபின் அதனைப் பயன்படுத்தும் முறையும் உண்டு. மெத்தையிலும் கம்பளத்திலும் மெதுவாக, நெடுக்கும் குறுக்குமாகச் செலுத்த வேண்டும். விரைந்து தள்ளினால் தூரிகை கிளறுவதற்கு நேரமிராது. வாரத்துக்கு இருமுறையேனும் செய்தல் வேண்டும். எத்துணை நல்ல பொறியாயினும் தூரிகை சிறிது துகளைக் கிளப்பவே செய்யும். எனவே, நோயாளி அவ்வேளையிலும், அதன் பின் சிறிது நேரமும் அறைக்கு வெளியே இருத்தல் வேண்டும். யன்னல்களைத் திறந்துவிட வேண்டும். பூனையைச் சீவும் பணியையும் பை மாற்றும் பணியையும் ஒவ்வாமை இல்லாத ஒருவரே ஏற்க வேண்டும். உதிரும் உரோமத்தைச் சீப்பிலேயே பிடித்துவிட்டால் பொறிக்குரிய வேலை பாதியாகும்.

ஒன்றை மறைத்தல் முறையன்று. பொறி மருந்தன்று. ஒவ்வாமை கடுமையாயின், பிராணியை வேறிடம் அனுப்புவதே மருத்துவர் கூறும் முதல் வழியாகும். அவ்வாறு அனுப்பினும் வீடு உடனே தூய்மையடைவதில்லை. பூனையின் புரதம் மெத்தையிலும் கம்பளத்திலும் பல மாதங்கள் தங்கியிருக்கும். ஆகவே பூனை இருந்தாலும் போனாலும், நல்ல வடிகட்டியுள்ள பொறி அவ்வீட்டுக்கு வேண்டியதே. ஐயத்துக்கிடமான பொறியோ இரு நிலையிலும் தீங்கே செய்யும்.

இவற்றையெல்லாம் அறிந்த பின் அந்தத் தந்தை எதனைத் தேர்வார்? 2000 வாற்று என்னும் எழுத்தை விட்டு, எச் 13 வகுப்பு வடிகட்டியும் இறுக்கமான உடலும் பையும் உள்ள, 900 வாற்றுக்கு உட்பட்ட குழாய்ப் பொறியொன்றைத் தேர்வார். மெத்தைக்கான சிறு சுழல் தூரிகையும் அதனோடு இருக்கின்றதா என்று பார்ப்பார். ஓட்டுத் தரைக்கு ஈரத்துணியே தொடரும். கம்பளத்தைச் சுருட்டி அகற்றிவிடுவார். சிறுவனின் படுக்கையறைக் கதவு பூனைக்கு எந்நேரமும் அடைத்தேயிருக்கும். மகள் நாள்தோறும் பூனையைச் சீவும் பொறுப்பை ஏற்பாள்.

மருத்துவர் குறித்த தவணையில் சிறுவனை மீண்டும் காட்ட வேண்டும். அவன் இரவில் அமைதியாக உறங்கினால் பூனை அவ்வீட்டிலேயே வாழலாம். மூச்சிழுப்பு நீங்காதாயின், முற்றமுள்ள உறவினர் வீடொன்றுக்கு அதனை அனுப்பத் துணிய வேண்டும். மகளுக்கும் அதனைக் கண்ணீரின்றி ஏற்கும் மனம் வாய்க்காது. ஆனால் செய்யத்தக்கதைச் செய்துபார்த்த பின்னரே அம்முடிவு வந்தது என்பதை அவள் அறிந்திருப்பாள். பொறியைத் தேர்பவர் தம்மையே கேட்க வேண்டிய கேள்வி, தரை எவ்வளவு மினுங்கும் என்பதன்று. வேலை முடிந்தபின் அவ்வறையின் காற்றைக் குழந்தை அச்சமின்றிச் சுவாசிக்கலாமா என்பதேயாகும்.